தகர வில்லையும் கடல் கடந்த கூலியும்

சித்தன்னவாசலை அடுத்துள்ள அன்னவாசல், மழையையும் கண்மாய்ப் பாசனத்தையும் நம்பியிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஊர். திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம் பகுதிகளோடு இச்சமஸ்தானத்திலிருந்தும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்டது. இக்காலத்து வேலை விசாவுக்கு ஈடாக அன்று இருந்தது கங்காணியின் சொல்லே. உறவினருக்கும் ஊராருக்கும் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்று, தோட்டத்தில் அவர்களை மேற்பார்வையிட்டவரே கங்காணி எனப்பட்டார்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த அச்சிறு தகடு கையிலிருந்தால் காசில்லாமலேயே பயணம் செய்ய முடிந்தது. ஆயினும் ரயில், கப்பல், உணவு ஆகியவற்றின் செலவு தோட்டக் கணக்கில் எழுதப்பட்டு, பெரும்பாலும் தொழிலாளியின் கடனாகவே அவர் தலையில் விழுந்தது என்பதே இம்முறையின் கொடுமை. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாள் தங்க வைக்கப்பட்டவர்கள், 1914-க்குப் பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறினர்.

தோட்டம் மாறுவதற்குத் 'துண்டு' தேவைப்பட்டது. அது கடன் தொகையைக் குறித்த சீட்டு, அத்தொகையை அடைக்கும் தோட்டமே ஆளைப் பெறும். மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய இவ்வழக்கத்தை 1921-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அடுத்த ஆண்டே இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1939-இல் இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதை இந்திய அரசு தடை செய்தது.