பிடியரிசியும் கலாசாலையும்

சிவகாசியிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியைப் பார்க்கச் சென்றபோது, அவன் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருக்க, என் மனமோ, இவ்வூர் விருதுப்பட்டியாக இருந்த காலத்தில், 1889-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை, வர்த்தகர்கள் சரக்குக்கு இவ்வளவென்று எடுத்துவைத்த மகமையினாலும், வீட்டுப் பெண்கள் உலையிடுமுன் கலயத்தில் போட்டுவைத்த பிடியரிசியினாலும் வளர்ந்த விருத்தாந்தத்திலேயே லயித்திருந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. நாடார் சமூகத்தாரின் கோயிற்பிரவேசத் தகராறு முற்றிச் சிவகாசியில் 1899-இல் கலகம் மூண்டதற்குப் பத்தாண்டு முன்னரே, அச்சமூகத்தார் பிள்ளைகளின் படிப்புக்கு முதல் போட்டது எனக்கு இன்றும் ஆச்சரியமே. தேசம் சுதந்திரமடைந்த 1947-இல் கல்லூரியும் பிறந்தது. அதற்குமுன் பட்டப்படிப்பென்றால் பெரும்பாலோர் மதுரைக்கு ரயிலேற வேண்டும்.

“ஒரு பிடிதானா, அப்பா?” என்று, நான் சொன்ன பிடியரிசிக் கதையைக் கேட்ட மகன் உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தான்.