சோழர் பட்டங்களில் "கொண்ட" என்னும் பெயரெச்சம்

கங்கைகொண்ட சோழபுரம், 2007 இல் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. இது முதலாம் இராசேந்திர சோழன் (ஆட்சி 1012–1044) அமைத்த தலைநகரம் ஆகும். அவனது "கங்கைகொண்ட சோழன்" என்னும் பட்டமே ஊரின் பெயரானது. இதிலுள்ள "கொண்ட" என்னும் சொல்லைப் பொருளறிந்து படிப்பது சோழர் வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

இலக்கணம்

"கொண்ட" என்பது இறந்தகாலப் பெயரெச்சம். கொள் (பகுதி) + ட் (இடைநிலை) + அ (விகுதி) எனப் பிரியும். ளகரம் ணகரமானது விகாரம். இச்சொல் வினையாக நின்று "கங்கை" என்னும் செயப்படுபொருளை ஏற்கிறது. அதே நேரத்தில் அடையாக நின்று "சோழன்" என்னும் பெயரைச் சிறப்பிக்கிறது.

எசுப்பானிய மொழியின் இறந்தகால எச்சத்துக்கும் இவ்விரு பயன்கள் உண்டு. "புவெர்த்தா செர்ராதா" (மூடிய கதவு) என அடையாகும்போது அதன் ஈறு பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். "எ செர்ராதோ" (மூடியிருக்கிறேன்) எனத் துணைவினையோடு வரும்போது மாறாது. தமிழ்ப் பெயரெச்சமோ எப்போதும் மாறுவதில்லை: கொண்ட அரசன், கொண்ட அரசி, கொண்ட வீரர்கள்.

உடைமையா, செயலா?

இன்று "நான்கு வாயில்கள் கொண்ட கோட்டை" என்றால் "உடைய" என்பதே பொருள். இங்கு வினைத்தன்மை மங்கிவிட்டது. பட்டத்தையும் இவ்வாறு படித்தால், கங்கைச் சமவெளி சோழர் ஆட்சியில் இருந்ததாகத் தோன்றும். உண்மையில் அப்பகுதி சோழநாட்டுடன் இணைக்கப்படவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடுகளின்படி, கங்கை வரை சென்றவன் படைத்தலைவன். அரசன் கோதாவரிக் கரையில் அவனைச் சந்தித்தான். வெற்றியின் நினைவாகக் கங்கை நீரைக் கொண்டு சோழகங்கம் என்னும் ஏரி அமைக்கப்பட்டது. எனவே பட்டம் குறிப்பது நிகழ்ந்து முடிந்த ஒரு செயலையே. நிலைத்த உடைமையை அன்று.

கல்வெட்டுகளின் காலம்

சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடினர். அதனால் பட்டத்தை மட்டும் கொண்டு அரசனை அறிய இயலாது. பெயரெச்சத் தொடரே அவனை அடையாளம் காட்டுகிறது. "மதிரை கொண்ட கோப்பரகேசரி" முதலாம் பராந்தகன். "மதிரையும் ஈழமும் கொண்ட" என வரும் கல்வெட்டுகள் அவனது ஆட்சியின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. "பாண்டியன் தலை கொண்ட" என்பது இரண்டாம் ஆதித்தனைக் குறிக்கும்.

பகை அரசரும் இச்சொல்லைப் பயன்படுத்தினர். 949 இல் நடந்த தக்கோலப் போரில் சோழரை வென்ற இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருட்டிணன், தமிழ்க் கல்வெட்டுகளில் "கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்" எனப்படுகிறான். பின்னர் சோழர் மீண்டெழுந்து தொண்டை மண்டலத்தை மீட்டனர்.

"கொண்ட" என்பது வென்றவரின் கூற்று. செயல் முடிந்தது என்பதை அது சொல்லும். வெற்றி எவ்வளவு காலம் நிலைத்தது என்பதைப் பிற சான்றுகளே சொல்லும்.