தூத்துக்குடியில் கப்பலேறிய பேதி மருந்து

'விளக்கெண்ணெய்' என்ற வார்த்தையைப் படித்ததுமே, ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் பலருக்கு முகம் அஷ்டகோணலாகியிருக்கும்! லீவு நாள், விடியற்காலை, வெறும் வயிறு. அப்பா கையைப் பிடிக்க, பாட்டி மூக்கைப் பிடிக்க, அம்மா சங்கு நிறைய எண்ணெயோடு நெருங்க... தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு நடந்த கூத்து இது. அதற்கப்புறம் நாள் முழுக்க மோர் சாதம்தான். பிள்ளை துவண்டுபோய்ப் படுத்திருக்கும். 'வயித்துல இருந்த அழுக்கெல்லாம் போச்சு' என்று பாட்டி நிம்மதியாகப் பெருமூச்சு விடுவாள்.

அது சரி, ஒரு குழந்தையின் வயிற்றில் அப்படி என்ன அழுக்கு? அதை மாசா மாசம் கழுவியே தீரணும் என்று யார் முடிவு பண்ணினார்கள்? பதில் தேடிக் கிளம்பினால் எகிப்து, லண்டன், நியூயார்க் என்று உலகத்தையே ஒரு சுற்று சுற்ற வேண்டியிருக்கும். ஆனால், புறப்படுகிற இடம் நம்ம ஊர்தான். தூத்துக்குடி, திரேஸ்புரம் கடற்கரை!

திரேஸ்புரம் போயிருக்கிறீர்களா? கரையோரம் வரிசை கட்டி நிற்கும் நாட்டுப் படகுகள், மீன்பிடிக்கிற குடும்பங்கள், கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுப்பவர்கள். மன்னார் வளைகுடாவின் புகழ்பெற்ற முத்துக்குளிப்பு 1961ம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளிப்பது மட்டும் தொடர்கிறது. இந்தக் கடலில் எடுத்த சங்கில் பெரும்பகுதி காலங்காலமாக வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வளையலாக ஏறியது. கோயிலுக்குக் கொஞ்சம் போனது. இன்னும் கொஞ்சம் சின்னச் சங்குகள், நம்ம ஊர்த் தொட்டிலருகே வந்து சேர்ந்தன. வழவழப்பாக்கி, பால் புகட்டுகிற பாத்திரமாக மாறின. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914ல் சங்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் இந்தப் பாலூட்டும் சங்கும் உண்டு. பிற்பாடு பித்தளை, வெள்ளி, எவர்சில்வர் என்று பொருள் மாறினாலும், பெயர் மட்டும் 'சங்கு' என்றே நிலைத்துவிட்டது.

ஆக, குழந்தையின் வாயில் மருந்தை ஊற்றுகிற சாதனம் இந்தக் கடலில் கிடைத்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், சீமைப் பிள்ளைகளின் வாயில் போன மருந்தும் இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறியது!

நிலாவாரை. நிலவாகை என்றும் சொல்வார்கள். ஆவாரஞ்செடிக்குச் சொந்தக்காரச் செடி. சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணத்தில் இருப்பது இதன் இலைதான். அரபு வைத்தியர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே 'சனா' என்ற பெயரில் இதைப் பேதி மருந்தாகப் பயன்படுத்தினார்கள். அவர்கள் மூலம் ஐரோப்பாவுக்குப் போய், 'சென்னா' ஆனது. சூடான் பக்கம் விளைந்து எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா துறைமுகம் வழியாகப் போனதால், 'அலெக்ஸாண்ட்ரியா சென்னா' என்று அதற்குப் பெயர். அதில் ஒரு பிரச்னை. வந்து சேர்கிற சரக்கில் பாதி தூளாகியிருக்கும். வேறு செடிகளின் இலைகளையும் கலந்துவிடுவார்கள்.

19ம் நூற்றாண்டின் முதல் பாதியில், திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்ற வியாபாரி இந்தச் செடியைப் பயிரிட்டு இலையை லண்டனுக்கு அனுப்பி வைத்தார். லண்டன் வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்த்து அசந்துபோனார்கள். ஒவ்வொரு இலையும் முழுசாக, கலப்படமில்லாமல் இருந்தது! காரணம், நம்ம விவசாயிகளின் பக்குவம். இலையைக் கையால் உருவி, பச்சை நிறம் கெடாமல் நிழலில் உலர்த்தி, அழுத்திக் கட்டி அனுப்பினார்கள். அதிகம் தண்ணீர் கேட்காத, ஆடு மாடு வாய் வைக்காத செடி. வறண்ட கரிசல் சீமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சீக்கிரமே 'டின்னவெல்லி சென்னா' என்று லண்டன் சந்தையில் தனிப் பெயரே வந்தது. மருந்து நூல்களில் அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது.

கப்பலேற்றியது தூத்துக்குடியில். அப்போது துறைமுகத்தில் ஆழம் போதாது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மூட்டைகளைத் தோணியில் ஏற்றி அலையில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். பஞ்சு மூட்டைகளோடு நிலாவாரை மூட்டைகளும் இப்படித்தான் சீமைக்குப் போயின.

சரி, போன இலை அங்கே என்ன ஆனது?

குழந்தைகளின் வாய்க்குப் போனது! சென்னாவோடு பேதி உப்பைக் கலந்து ஒரு கறுப்புக் கஷாயம். சென்னாவோடு அத்திப்பழம், புளி, கொத்தமல்லி சேர்த்து ஒரு லேகியம். அப்புறம் வந்தது 'கலிபோர்னியா அத்திப்பழ சிரப்'. அட, பழச்சாறுதானே என்று பிள்ளைகள் ஏமாந்து குடிக்கும். உள்ளே நிஜமாக வேலை செய்தது சென்னா இலைதான். இங்கிலாந்தில் பல வீடுகளில் இதற்குக் கிழமையே குறித்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை ஸ்கூல் இல்லை பாருங்கள்! அப்போது ஆண்டவர்களின் பிள்ளைகளும் ஆளப்பட்டவர்களின் பிள்ளைகளும் லீவு நாளை ஒரே இடத்தில்தான் கழித்தார்கள்.

ஏன் இந்த வெறி? உடம்புக்குள் சேருவதை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் ரொம்பப் பழசு. சுமார் 3,500 வருஷத்துக்கு முந்தைய எகிப்தியப் பாப்பிரஸ் சுவடியிலேயே ஆமணக்கு இருக்கிறது. நம்ம சித்தர் மரபிலும் நாலு மாசத்துக்கு ஒரு முறை பேதிக்குச் சாப்பிடு என்ற விதி உண்டு. 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பழைய எண்ணத்துக்கு விஞ்ஞான வேஷம் கிடைத்தது. குடலில் தங்கும் மலம் விஷமாகி ரத்தத்தில் கலக்கிறது, எல்லா நோய்க்கும் அதுதான் மூலம் என்று டாக்டர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். லண்டனின் புகழ்பெற்ற சர்ஜன் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

1919ல் அமெரிக்க டாக்டர் வால்டர் ஆல்வாரெஸ் இதை மறுத்தார். மலம் தேங்கும்போது வருகிற தலைவலி, சோர்வு எல்லாம் விஷத்தால் வருவதில்லை; குடல் விரிந்து அழுத்துவதால் வருவது என்றார். சில வருஷம் கழித்து இன்னொருவர், மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தார். அதே தலைவலி, அதே சோர்வு! பஞ்சிலிருந்து ரத்தத்துக்கு என்ன விஷம் போயிருக்க முடியும்? ஆனால் அதற்குள் பயம் வீடு வீடாகப் பரவிவிட்டது. பயம் இருக்கிற இடத்தில் வியாபாரம் இருக்கும். வியாபாரத்துக்கு விலை கொடுத்தது குழந்தைகள்.

முதலில் பாதரசம். பல் முளைக்கிற குழந்தைக்கு வயிறு சுத்தமாக இருக்கணும் என்று மேல்நாட்டில் ஒரு பவுடர் விற்றார்கள். அதிலிருந்தது 'கலோமெல்' என்ற பாதரச உப்பு. அருமையான பேதி மருந்து! ஆனால், சில குழந்தைகளுக்குக் கை கால் எல்லாம் ரோஜா நிறமாகி, தோல் உரிந்து, வெளிச்சம் பட்டால் கண் கூசி, ராப்பகலாக அழுதார்கள். 'பிங்க் வியாதி' என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் புரியவில்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகள் செத்தே போனார்கள். 1948ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் இரண்டு டாக்டர்கள், அப்படிப்பட்ட குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். பிரிட்டனில் 1954ல் அந்தப் பவுடர்கள் கடையை விட்டுப் போயின. வியாதியும் கூடவே போய்விட்டது!

அடுத்து சாக்லேட். நியூயார்க்கில் குடியேறிய மாக்ஸ் கிஸ் என்ற ஹங்கேரி நாட்டு மருந்தாளர், 1906ல் ஃபினால்ஃப்தலீனைச் சாக்லேட்டில் கலந்து விற்க ஆரம்பித்தார். ஸ்கூல் லேபில் காரத்தில் விட்டால் இளஞ்சிவப்பாக மாறுமே, அதே ஃபினால்ஃப்தலீன்தான்! மூக்கைப் பிடிக்க வேண்டாம், பிள்ளையே கேட்டு வாங்கித் தின்னும். 90 வருஷம் ஓஹோவென்று ஓடியது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் வந்ததால், 1999ல் அமெரிக்க அரசு அந்த ரசாயனத்துக்குத் தடை போட்டது.

'நம்ம விளக்கெண்ணெய் இயற்கையானது, அதில் என்ன ஆபத்து?' என்கிறீர்களா? இருக்கிறது. 1920களில் இத்தாலியில் முசோலினியின் கருஞ்சட்டைப் படை, அரசியல் எதிரிகளைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெயை ஊற்றியது. சித்திரவதைக்கு என்று தேர்ந்தெடுத்த எண்ணெய் அது! குழந்தை விஷயத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து, எண்ணெய் போகிற வழி. அழுகிற குழந்தையைப் படுக்க வைத்து, மூக்கைப் பொத்தி ஊற்றினால் எண்ணெய் இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக் குழாயில் இறங்கலாம். நுரையீரலில் எண்ணெய் தங்கி நிமோனியா வரும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி வருவதைப் பற்றி 1973லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியானது. 'சளி பிடிச்சு மூச்சு வாங்குது' என்று பெற்றோர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுவார்கள். காலையில் சங்கில் ஊற்றியது அவர்கள் நினைவுக்கே வராது.

அப்படியென்றால் மலச்சிக்கலே கிடையாதா? உண்டு. நிறையவே உண்டு. ஆனால், அதன் கதை வேறு.

முதலில் ஒரு ஆறுதல் செய்தி. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தை, பிறந்து சில வாரங்கள் ஆன பிறகு, நாலைந்து நாள் மலம் போகாமல்கூட இருக்கலாம். பால் குடித்து, எடை கூடி, போகும்போது மலம் இளக்கமாக இருந்தால் அது சிக்கலே இல்லை. வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டு செருகுவது எல்லாம் வேண்டாத வேலை, புண்ணாகும்.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு என்ன ஆகிறது? ஒரு நாள் காய்ச்சலோ, சாப்பாட்டு மாற்றமோ, பாட்டில் பாட்டிலாகப் பசும்பாலோ, ஏதோ ஒரு காரணத்தால் மலம் இறுகிப் போகிறது. போகும்போது உயிர் போகிற வலி. குழந்தை மனசுக்குள் தீர்மானம் பண்ணிவிடுகிறது: 'இனிமே போகவே மாட்டேன்!' காலைப் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, மூலையில் போய் நிற்கும். முக்குகிறது என்று நாம் நினைப்போம். அது அடக்குகிறது! அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும், பெருக்கும். மலக்குடல் விரிந்து விரிந்து, வந்த உணர்ச்சியே மரத்துப்போகும். அப்புறம் இறுகிய மலத்தின் ஓரமாகத் தண்ணியாகக் கசிந்து ஜட்டியை நனைக்கும். 'இவ்வளவு வயசாகியும் வெட்கமில்லையா?' என்று முதுகில் நாலு சாத்து சாத்துவோம். பாவம், குழந்தைக்கே தெரியாமல் நடப்பது அது. ஸ்கூல் டாய்லெட்டுக்குப் பயந்து சாயங்காலம் வரை அடக்குகிற பிள்ளைகளின் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இந்தக் குழந்தைக்கு ஒரு நாள் பேதி கொடுத்தால் என்ன ஆகும்? வயிறு காலியாகும். பயம் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து! அதனால்தான் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை குடல்நோய் மருத்துவர்களின் சங்கங்கள் 2014ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு பாதை சொல்கிறது. முதலில் தேங்கியதைச் சில நாளில் இளக்கி வெளியேற்று. அப்புறம் தினசரி மருந்து, குறைந்தது இரண்டு மாசம். எல்லாம் சரியான பிறகும் ஒரு மாசமாவது தொடர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும். முதல் மருந்து, பாலி எத்திலீன் கிளைகால் என்ற பவுடர். ரத்தத்தில் அநேகமாகக் கலக்காமல், குடலுக்குள்ளேயே தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். அது இல்லையென்றால் லாக்டுலோஸ் சிரப். கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். எதை எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லணும். அதோடு, சாப்பிட்டதும் ஐந்து பத்து நிமிஷம் டாய்லெட்டில் உட்காரும் பழக்கம், கால் ஊன்ற ஒரு பலகை, ஒரு பாராட்டு. அடி, திட்டு கிடையவே கிடையாது!

'மாசக்கணக்கில் கொடுத்தால் பழகிப் போயிடாதா?' பெற்றோர் எல்லோரும் கேட்கிற கேள்வி. இந்தப் பவுடருக்குக் குடல் பழகிப் போவதில்லை. பாதியில் நிறுத்துவதுதான் நோயைத் திரும்பக் கூப்பிடுகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிறந்து இரண்டு நாளாகியும் முதல் கறுப்பு மலம் போகாவிட்டால், வயிறு உப்பி பச்சையாக வாந்தி எடுத்தால், எடை ஏறாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்களே இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் உண்டு. கோபன்ஹேகன் டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886ல் இந்த நோயின் அறிகுறிகளை எடுத்துச் சொன்னார். ஆபரேஷன்தான் தீர்வு. அந்தக் குழந்தைக்கு வீட்டு வைத்தியம் பார்ப்பது, உயிரோடு விளையாடுவது.

நம்ம நிலாவாரை என்ன ஆச்சு? ஒழிந்துவிடவில்லை. முதல் மருந்து போதாதபோது டாக்டர்கள் கூடச் சேர்க்கிற இரண்டாவது மருந்தாக, சரியான அளவு குறித்து, இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. குற்றம் இலையில் இல்லை. குழந்தையின் வயிற்றை அழுக்கு மூட்டையாகப் பார்த்த பெரியவர்களின் கண்ணில்தான் இருந்தது. 3,500 வருஷமாக வயிற்றைக் கழுவிக்கொண்டே இருந்தோம். அதற்குள் பயந்துபோய் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்க்க, இத்தனை காலம் பிடித்திருக்கிறது!