கடலைத் தண்ணீர் நுரைத்த கதை

வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஊர் மக்ரூன் அதுதான். வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் முந்திரித்தூளும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் உலரவிடுவார்கள். கடித்தால் மொறுக்கென்று உடையும்; அடுத்த நொடியே நாக்கில் கரைந்துவிடும். முந்திரி இல்லாமல் ஐரோப்பாவில் செய்வதற்கு மெராங் என்று பெயர்.

பால், நெய், முட்டை, தேன் என்று விலங்கிடமிருந்து வரும் எதையும் தொடாத வீகன்கள் நெடுங்காலம் ஏங்கியது இந்த நுரைக்குத்தான். இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கியது 1944-ல். அதன் பிறகு வந்த எழுபது ஆண்டுகளில் மற்றவற்றுக்கெல்லாம் வழி பிறந்துவிட்டது. பாலுக்குச் சோயாவும் தேங்காயும் பாதாமும் இருந்தன. கேக்கில் முட்டைக்குப் பதிலாக, அரைத்து ஊறவைத்த ஆளிவிதையின் கொழகொழப்பே போதுமானதாக இருந்தது. வெள்ளைக்கருவின் நுரைக்கு மட்டும் வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய மாற்று அமையவில்லை. சோயாப் புரதத்தைப் பதப்படுத்தி ஆலைகளில் செய்த பொடிகள் இருந்தன. ஆனால் தெருமுனைக் கடைக்குப் போய் அவற்றைக் கேட்க முடியாது.

அந்த மாற்று எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருந்தது. தினமும் அதைத் தொட்டிக் குழாயடியில் கொட்டிக்கொண்டிருந்தோம்.

2014 இறுதியில் பிரான்ஸில் ஜோயல் ரோசெல் என்பவர் டின்னில் வரும் காய்கறிகளின் தண்ணீரை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையல் அவருடைய தொழில் அல்ல. அவர் ஒரு பாடகர், டெனர் குரல்காரர். பீன்ஸ் வகைகளின் தண்ணீரும் கொண்டைக்கடலைத் தண்ணீரும் வெள்ளைக்கரு போலவே நுரைப்பதைக் கண்டார். அதை வைத்துச் சாக்லேட் மூஸும், கஸ்டர்டில் நுரை மிதக்கும் பிரெஞ்சு இனிப்பும், மெராங்கும் செய்து, செய்முறையை ஒளிக்காமல் எல்லாருக்கும் எழுதிவைத்தார். கொஞ்ச நாளில் பிரெஞ்சு வீடியோ ஒன்று வந்தது. கடலைத் தண்ணீரும் சாக்லேட்டும் மட்டுமே சேர்த்த மூஸை அதில் செய்து காட்டினார்கள்.

அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கூஸ் வோல்ட். இவர் சாஃப்ட்வேர் இன்ஜினியர். நல்ல வீகன் மெராங் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர். நுரையைத் தாங்கிப் பிடிக்க மாவோ பசையோ கூடவே வேண்டும் என்ற எண்ணத்தை 2015 வசந்தத்தில் இவர்தான் உடைத்தார். கடலைத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் போதும், ஓவனில் வைத்தால் மெராங் நிற்கும் என்று செய்து காட்டி, வீகன் ஃபேஸ்புக் குழு ஒன்றில் போட்டார். அக்வாஃபாபா என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் சமையலறையில் செய்து பார்த்து, சரியாக வந்ததையும் சொதப்பியதையும் படத்தோடு பகிரத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஓர் அமெரிக்க நிறுவனம் இதை வைத்து மயோனைஸ் தயாரித்து விற்றது.

கண்டுபிடித்தவர் இவர்தான் என்று ஒரே ஒருவரைச் சுட்டிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் பாதி தூரம் வந்து, கையிலிருந்ததைத் திறந்து வைத்தார். அடுத்தவர் அங்கிருந்து மீதி தூரம் நடந்தார். ரோசெல் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் நம் வீட்டுக் கடலைத் தண்ணீர் இன்றும் சாக்கடைக்குத்தான் போயிருக்கும்.

வெறும் தண்ணீர் ஏன் நுரைக்கிறது? கடலை வேகும்போது அதிலிருக்கும் புரதமும் மாவுச்சத்தும் சபோனினும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்குகின்றன. பூந்திக்கொட்டையைக் கசக்கினால் நுரை வருவதும் சபோனினால்தான். புரதமும் சபோனினும் காற்றுக்குமிழியைச் சுற்றித் தோல் போலப் படிகின்றன. மாவுச்சத்து நீரைக் கெட்டியாக்குவதால் குமிழி சட்டென்று உடைவதில்லை. கனடாவின் சாஸ்கட்சுவான் பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் டின் தண்ணீரை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எல்லாம் ஒரே மாதிரி நுரைக்கவில்லை.

நமக்கு டின் தேவையே இல்லை. சுண்டலுக்குக் கடலை வேகவைக்கும் வீட்டில் பாதி வேலை முடிந்த மாதிரிதான். வெள்ளைக் கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கடலையில் நிறமும் வாசமும் தூக்கலாக இருக்கும். ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, கடலை மூழ்குமளவு மட்டும் புதுத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போடாமல் குக்கரில் நன்றாக வேகவையுங்கள். உடனே வடிக்காதீர்கள். கடலை அந்தத் தண்ணீரிலேயே இரவு முழுக்க ஆறட்டும். காலையில் வடித்த நீர் தண்ணீராகவே ஓடினால் அடுப்பில் வைத்துச் சுண்டவிடுங்கள். கரண்டியிலிருந்து வெள்ளைக்கரு வழிவது போல வழிய வேண்டும், அதுதான் பதம். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்த பிறகு அடிக்கலாம். ஒரு வெள்ளைக்கருவுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்பது கணக்கு.

பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே கூடாது; நம் ஊர்ச் சமையலறையில் பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது அதுதான். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு எலெக்ட்ரிக் பீட்டரால் அடிக்கத் தொடங்கினால், முதலில் சோப்பு நுரை மாதிரி பெரிய பெரிய குமிழிகள் வரும். பிறகு குமிழி சிறுத்து, பழுப்பு நிறம் மறைந்து, பால் வெள்ளையாகும். அப்போது பொடித்த சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். பத்து நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வெள்ளைக்கருவை அளவுக்கு மீறி அடித்தால் திரிந்துவிடும்; இதற்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை. பாத்திரத்தைக் கவிழ்த்தால் நுரை விழக் கூடாது. 100 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் உலரவிட்டால் மெராங் தயார். கடலை வாசம் வெந்ததும் போய்விடும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சீக்கிரமே பிசுபிசுத்துப்போகும் என்பதால், ஆறிய கையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. முட்டைப் புரதம் சூட்டில் இறுகி நுரையை அப்படியே பிடித்துக்கொள்ளும். கடலையின் புரதமோ குக்கரிலேயே வெந்துவிட்டது. ஓவனில் அது மறுபடி இறுகாது. மெராங் நிற்பது சர்க்கரை காய்ந்து இறுகுவதால். அதனால்தான் வெள்ளைக்கரு நுரையை மட்டுமே நம்பி எழும்பும் ஏஞ்சல் கேக் இதில் அமுங்கிப்போகிறது.

ஓவன் இல்லாதவர்கள் மூஸிலிருந்து தொடங்கலாம், அதுதான் எளிது. அரை கப் கடலைத் தண்ணீரைக் கெட்டி நுரையாக அடித்து, இரண்டு கரண்டி சர்க்கரை சேருங்கள். நூறு கிராம் டார்க் சாக்லேட்டை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, நுரை அமுங்காமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்து, கிண்ணங்களில் ஊற்றி இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாக்லேட் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். டார்க் என்று எழுதியிருக்கும் பலவற்றிலும் பால் பொடி இருக்கிறது.