ஜானகி அம்மாளின் ஆய்வு வெளியீடுகள்

அறிவியல் அறிஞர் ஒருவரின் தகுதியை அளக்க விரும்புவோர் முதலில் நோக்குவது அவருடைய வெளியீட்டுப் பட்டியலையே. எத்தனை கட்டுரைகள், எந்த இதழ்களில், அவற்றை மேற்கோள் காட்டியவர் யாவர் என்பதே அவ்வுலகின் கணக்கு. இக்கணக்கில் ஒரு பெயர் எவ்வாறு ஏறுகிறது, எவ்வாறு மறைகிறது என்பதை அறிய, மரபியல் அறிஞர் டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள் அவர்களின் பட்டியல் ஒன்றே போதும்.

1897-இல் தலைச்சேரியில் பிறந்த அம்மையார், மலபாரில் தீட்டுக்குரியவரென ஒதுக்கப்பட்டிருந்த தீயர் சமூகத்தைச் சார்ந்தவர். எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அவர் தந்தையார் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர், வீட்டில் நூல்கள் இருந்தன, தோட்டம் இருந்தது. நம் பிள்ளைகளிற் பலருக்கு இவ்விரண்டும் இல்லை. சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற அவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

1934 முதல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றினார். தின்னும் கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. ஆற்றங்கரையில் வளரும் அதன் காட்டு உறவாகிய நாணலிலோ இவ்வெண்ணிக்கை 40-இலிருந்து 128 வரை மாறுபடுகிறது. இவ்வேறுபாடுகளை நுண்ணோக்கியின் கீழ் எண்ணி ஆராய்ந்ததோடு, கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். அக்கலப்பைப் பற்றிய அவருடைய குறிப்பு 1938-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கரும்பின் பேரினக் கலப்புகள் பற்றிய விரிவான கட்டுரை 1941-இல் 'ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்' இதழில் வந்தது. அப்போது அவர் கோவையில் இல்லை. பெண் என்பதாலும் சாதியாலும் அங்கு அவர் இடர்ப்பட்டார் என வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதுகின்றனர்.

1940 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், இலண்டன் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் அவர் ஆற்றிய பணியே அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. அந்நிறுவனத் தலைவர் சி. டி. டார்லிங்டனோடு இணைந்து அவர் தொகுத்த 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்' 1945-இல் வெளியாயிற்று. அதுகாறும் பல மொழி இதழ்களில் சிதறிக் கிடந்த எண்ணிக்கைகள் அதில் ஓரிடத்தில் கிடைத்தன. இரு செடிகள் கலக்குமா, கலந்து பிறப்பது மலடாகுமா, வித்து தருமா என்பது பெரும்பாலும் இவ்வெண்களின் பொருத்தத்தைச் சார்ந்தது. ஆதலால் பயிர் இனப்பெருக்கம் செய்வோருக்கு அந்நூல் இன்றியமையாத கையேடாயிற்று. 'டார்லிங்டன், ஜானகி அம்மாள், 1945' என்ற குறிப்பு எண்ணிறந்த ஆய்வேடுகளின் இறுதிப் பக்கங்களில் இடம்பெற்றது.

இந்த டார்லிங்டன், மனித இனங்களுக்கும் வகுப்புகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு பிறவியிலேயே அமைந்தது எனப் பிற்காலத்தில் வாதிட்டவர் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. அவருடைய புகழ்பெற்ற நூலின் முதற்பதிப்பில் உடனாசிரியராக அமர்ந்தவர் ஒரு தீயர் பெண்மணி!

1955-இல் அந்நூல் 'பூக்கும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்' எனப் பெயர் மாறி, விரிந்து வெளிவந்தபோது, டார்லிங்டனோடு அட்டையில் இருந்த பெயர் ஏ. பி. வைலி என்பதாகும். நூல் வளர்வதும் ஆசிரியர் மாறுவதும் பதிப்புலகில் நிகழ்வனவே. ஆயினும் பின்வந்தோர் புதிய பதிப்பையே மேற்கோள் காட்டுவர். முதலில் உழைத்தவர் கணக்கு அத்தோடு நின்றுவிடும். இன்னொன்று: மேலைநாட்டார் சிலர் 'அம்மாள்' என்பதைக் குடும்பப் பெயரெனக் கொண்டு அவ்வெழுத்தின் கீழும், வேறு சிலர் 'ஜானகி' என்பதன் கீழும் அடுக்கினர். ஒருவருடைய ஆய்வே இருவருடையது போலப் பிரிந்து கிடக்கிறது. மேற்கோள்களை எண்ணிப் புகழை அளப்போர் இதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பின்னர் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில், கால்ச்சிசின் என்னும் மருந்தால் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்து மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார்; ஒரு மக்னோலியா வகை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் புவியை மாற்றியமைத்த வரலாறு குறித்து நடந்த கருத்தரங்கில் பங்கேற்றார். அங்கு அவர் பேசியது குரோமோசோம்களைப் பற்றியன்று. தன் தேவைக்கே பயிரிட்டு வாழும் இந்திய மக்களின் பொருளியலைப் பற்றி. அக்கட்டுரை மறு ஆண்டே நூலில் அச்சாயிற்று. அவருடைய எழுத்துகளுள் நம் இளைஞர்கள் முதலில் தேடிப் படிக்கத்தக்கது இதுவே என்பது என் கருத்து.

1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. முதுமையிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் களஆய்வு நிலையத்தில் பணியாற்றிக்கொண்டே, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து நின்றார். அக்காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்யவும் முனைந்தார். 1984 பிப்ரவரி 7-இல் மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.