பழைய மெட்ச் டிக்கட்டுக்கு வயது பார்ப்போமா?

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ அலுமாரி துப்புரவாக்கும்போது பழைய கிரிக்கெட் டிக்கட் துண்டு வந்தால் வீசிவிடாதீர்கள். ஆண்டு அழிந்திருந்தாலும் நாம் கண்டுபிடிக்கலாம்.

முதலில் பெயரைப் பாருங்கள். ‘சிலோன்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. கெத்தாராம மைதானம் 1986இல் திறந்தது, ஆர். பிரேமதாச என்ற பெயர் 1994இல்தான் வந்தது. (நம்ம வாயில் இன்னும் கெத்தாராமதான்.) ‘வில்ஸ் உலகக் கிண்ணம்’ என்றிருந்தால் 1996.

அந்த வருஷத்து டிக்கட்டில்தான் விசேஷம். ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. பெப்ரவரி 17, 25 இரண்டு மெட்ச்சும் நடக்கவில்லை, புள்ளிகள் இலங்கைக்கு. எனவே அந்தத் திகதி டிக்கட் முழுசாக இருப்பதுதான் சரி. வாசலில் கிழித்த துண்டு என்று யாராவது விற்க வந்தால் சந்தேகப்படுங்கள்.

பெப்ரவரி 13 வேறு கதை. டெண்டுல்கரும் வசீம் அக்ரமும் ஒரே அணியில் நின்று, கொழும்பில் பயமில்லை என்று காட்ட கெத்தாராமவில் ஆடினார்கள். ‘நோன்போட போனோம்’ என்று பெரியவர்கள் சொன்னால் நம்பலாம், அது ரமழான்தான். அந்தத் துண்டு உங்கட வாப்பாவிடம் இருந்தால் லேமினேட் பண்ண வேண்டாம். பின்னால் பென்சிலால் அவர் பெயரை எழுதி வையுங்கள்.