முதுகுத்தண்டு சி.டி. ஸ்கேன்: கதிர்வீச்சைக் குறைப்பது எப்படி?

முதுகுவலி என்று மருத்துவமனைக்குப் போய் வருபவர்களின் கையில் இப்போதெல்லாம் ஒரு பெரிய ஸ்கேன் கவர் இருக்கிறது. பொள்ளாச்சிப் பகுதியில் இது வியப்பல்ல. தென்னை ஏறுபவர், தேங்காய் உரிப்பவர், லாரிக்கு மூட்டை ஏற்றுபவர் என்று முதுகை நம்பிப் பிழைப்பவர்கள் இங்கே அதிகம். துஆ கேட்டு வருபவர்கள்கூட அந்தக் கவரையும் சேர்த்தே நீட்டுகிறார்கள். எந்த எலும்பு தேய்ந்தது, எந்த ஜவ்வு விலகியது என்றெல்லாம் விவரமாகச் சொல்வார்கள். அந்தப் படத்துக்காக உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பாய்ந்தது என்று கேட்டால் தெரியாது. ஆனால் அது ஒவ்வொரு ஸ்கேனிலும் எண்ணாகப் பதிவாகிற விஷயம்தான்.

சி.டி. என்பது உடலைச் சுற்றிச் சுழன்றபடி எடுக்கப்படும் எக்ஸ்ரே. கதிர்வீச்சின் அளவை மில்லி சீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு ஏறத்தாழ 0.02. இடுப்புப் பகுதி முதுகெலும்பு எக்ஸ்ரேக்கு 1.5. அதே பகுதியை சி.டி. எடுத்தால் சராசரியாக 6. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நமக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4. ஆக, ஒரு முதுகு சி.டி. என்பது இரண்டரை ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சை ஒரு சில விநாடிகளில் வாங்கிக்கொள்வது போன்றது. இதனால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் கூடுதல் வாய்ப்பைப் பத்தாயிரம் பேரில் மூன்று பேர் அளவுக்கு நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதல்.

இதைப் படித்துவிட்டு யாரும் தேவையான ஸ்கேனுக்கு மறுத்துவிடக் கூடாது. மரத்திலிருந்து விழுந்தவருக்கு எலும்பு முறிந்திருக்கிறதா, முறிந்த துண்டு தண்டுவடத்தை அழுத்துகிறதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டித்தருவது சி.டி.தான். அங்கே தயங்கினால் கால்கள் போய்விடும். பத்தாயிரத்தில் மூன்று என்ற கணக்கை அந்த நேரத்தில் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டு ஸ்கேன் மையங்களில் உண்மையில் எவ்வளவு கதிர்வீச்சு கொடுக்கப்படுகிறது என்பதை நேரில் போய் அளந்தவர்கள் உண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நிதியுதவியில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கதிரியக்கத் துறையினர் இரண்டு ஆண்டுகள் மாநிலமெங்கும் 127 சி.டி. இயந்திரங்களைச் சோதித்தார்கள். முடிவுகள் 2011இல் வெளிவந்தன. அந்த 127இல் 17 பழுதுபார்த்து மறுபடி விற்கப்பட்டவை. 13 மிகப் பழைய வகை. மார்பு, வயிறு, இடுப்புக்கூடு ஆகிய மூன்றுக்கும் தமிழ்நாட்டுக்கான ஒப்பீட்டு அளவுகளை அவர்கள் வகுத்தார்கள். வயிற்றுக்கு அது 521. சராசரியாக நோயாளிக்குச் சென்றது 6.69 மில்லி சீவர்ட். முதுகெலும்புக்கெனத் தனியாக அவர்கள் அளவு வகுக்கவில்லை. என்றாலும் இடுப்பு முதுகெலும்பு வயிற்றுப் பகுதிக்குள்ளேதான் இருக்கிறது என்பதால் நமக்கு அந்த எண் உதவும்.

ஒப்பீட்டு அளவு எதற்கு? ஸ்கேன் அறையில் வேலை செய்யும் ஊழியருக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு: ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. நோயாளிக்கு அப்படி வரம்பே கிடையாது. நோய்க்குத் தேவை என்றால் எவ்வளவும் கொடுக்கலாம். அதனால்தான், முக்கால்வாசி இயந்திரங்கள் எந்த அளவுக்குள் வேலையை முடிக்கின்றனவோ அதைக் கோடாக வைத்து, அதைத் தாண்டுகிற மையம் தன் முறையைச் சரிபார்க்கட்டும் என்கிறார்கள்.

குறைக்கும் வழிகளில் முதலாவது, சி.டி. தேவைதானா என்று கேட்பது. ஜவ்வு விலகல், காலுக்கு இறங்கும் நரம்புவலி, தண்டுவடக் கட்டி போன்றவற்றுக்கு எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும், அதில் இந்தக் கதிர்வீச்சே இல்லை. செலவு கூடுதல், உண்மை. சாதாரண முதுகுவலியோ பெரும்பாலும் சில வாரங்களில் எந்தப் படமும் இல்லாமலே குறைந்துவிடும். ‘எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம் டாக்டர்’ என்று வற்புறுத்துவது பல நேரங்களில் நோயாளியின் வீட்டார்தான்!

சி.டி.தான் வேண்டும் என்று முடிவானால் மீதி டெக்னீஷியன் கையில். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் கதிர்வீச்சும் பாதியாகும். படத்தில் புள்ளிகள் மட்டும் கொஞ்சம் கூடும். எலும்பு படத்தில் பளிச்சென்று தெரியும் பொருள். ஆகவே முறிவு கூடியதா, வைத்த ஸ்க்ரூ சரியான இடத்தில் இருக்கிறதா, கூன் எவ்வளவு என்று பார்க்கும் ஸ்கேனுக்குக் குறைந்த அளவே போதும். ஜவ்வைப் பார்க்க வேண்டுமென்றால் அவ்வளவு குறைக்க முடியாது. 120 கிலோவோல்ட்டை 100 ஆக்கினாலே, மற்றவை மாறாதபோது, மூன்றில் ஒரு பங்கு குறையும்; மெலிந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது ஏற்றது. உடலின் பருமனுக்கேற்ப மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி இன்றைய இயந்திரங்களில் உண்டு. ஆனால் நோயாளி வளையத்தின் நடுமையத்தில் படுக்காவிட்டால் அது தப்புக்கணக்குப் போடும். இடுப்பை எடுக்கும்போது கைகளைத் தலைக்குமேல் தூக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

விபத்தில் சிக்கியவருக்கு மார்பும் வயிறும் ஏற்கெனவே சி.டி. எடுத்தாகிவிட்டது என்றால், அதே பதிவிலிருந்து முதுகெலும்புப் படங்களைக் கணினியிலேயே பிரித்தெடுக்கலாம். முதுகுக்கு மறுபடி படுக்கவைக்கத் தேவையில்லை. வீட்டார் கேட்கத்தக்க கேள்வி இது. மருந்து ஏற்றாமல் ஒரு தடவை, ஏற்றி ஒரு தடவை என்று இரண்டு முறை எடுப்பதும் முதுகுக்கு அரிதாகவே வேண்டியிருக்கும்.

நம் பக்கம் செய்ய வேண்டியவை சிறியவை. உலோகம் படத்தில் கோடுகளை இழுத்து, மறுபடி எடுக்கவைக்கும். ஆண்கள் பெல்ட், சாவிக்கொத்தையும், கழுத்து ஸ்கேனுக்குப் போகும் பெண்கள் ஹிஜாப் பின்களையும் நகைகளையும் முன்பே கழற்றிவிட வேண்டும். பெண் ஊழியர் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் கடைசி நேரச் சங்கடம் இருக்காது. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். இடுப்பு முதுகை எடுக்கும்போது கருப்பை நேரடியாகக் கதிரின் பாதையில் வருகிறது. கழுத்து ஸ்கேனில் கருவுக்குச் செல்வது மிகச் சொற்பம்.

ஈயத் தகடு போர்த்தவில்லை என்று சண்டை பிடிப்பவர்களும் உண்டு. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அந்த வழக்கத்தையே கைவிடச் சொல்லிவிட்டது. கதிர் பாயும் இடத்துக்குள் தகடு வந்துவிட்டால், தானியங்கி வசதி அங்கே தடித்த உடல் இருப்பதாக எண்ணிக் கதிர்வீச்சைக் கூட்டிவிடக்கூடும்.

ஸ்கேன் முடிந்ததும் டி.எல்.பி. எவ்வளவு என்று கேட்டு ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன 521 அந்த அளவுதான். இடுப்புப் பகுதிக்கு அதை 0.015ஆல் பெருக்கினால் மில்லி சீவர்ட் கிடைக்கும்: 500 என்றால் 7.5. ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் காரணம் கேட்கலாம். பருமனான உடல், நீண்ட பகுதி என்று நியாயமான பதில் இருக்கவும் கூடும். படங்களின் சி.டி.யை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கோவைக்குப் பெரிய டாக்டரிடம் போகும்போது அது கையில் இல்லாமல், ஒரே மாதத்தில் இரண்டாம் முறை ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் நம்மிடையே பலர். மையத்தின் இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்பதையும் வரவேற்பறையில் தாராளமாகக் கேட்கலாம். அது இல்லாமல் சி.டி. இயந்திரத்தை இயக்கச் சட்டத்தில் இடமில்லை.